லீவுல படிச்ச நாவல்களும் பொண்ணுக்கு வாங்குன புத்தகங்களும்: மனசுல பட்டத சொல்றேன், அடுத்து என்ன படிக்கலாம்?

மதுரை அக்கா:

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா ஒரு புத்தகத்தக்கூட முழுசா முடிக்கல, வேலை, வீடு, ராத்திரி படுத்தா போன பாத்துக்கிட்டே தூங்கிடுறது, இப்படியே போயிட்டு இருந்துச்சு. இந்த கோடை லீவுல சாப்ட்டு முடிச்சதும் போன அடுத்த ரூம்ல வச்சுட்டு நானும் பொண்ணும் ஆளுக்கொரு புத்தகத்தோட உக்காருறதுன்னு பேசி வச்சுக்கிட்டோம். அவளுக்கு ஒம்பது வயசு, நாலாப்பு முடிச்சிருக்கா. படிச்சதுல எது பிடிச்சுது எது பிடிக்கலன்னு ஒளிக்காம சொல்றேன், கடைசில கேள்வி இருக்கு.

மொதல்ல இமையத்தோட செல்லாத பணம், 2020 சாகித்திய அகாடமி விருது வாங்குனது. இஞ்சினியரிங் படிச்ச ரேவதி வீட்ட எதுத்துக்கிட்டு ஆட்டோ ஓட்டுற ரவிய கட்டிக்கிறா, அப்புறம் ஒருநாள் உடம்பெல்லாம் வெந்து பாண்டிச்சேரி ஜிப்மர்ல கெடக்கா, அப்பா ஹெட்மாஸ்டர், எவ்வளவு வேணாலும் கட்டுறேன்னு காச வச்சுக்கிட்டு நிக்கிறாரு, அங்க அந்த காசுக்கு வேலையே இல்ல. நாவல்ல முக்காவாசி பேச்சுதான். வார்டுக்கு வெளிய நிக்கிறவங்க அழுவுறாங்க, திட்டுறாங்க, சொன்னதயே திரும்பத் திரும்ப சொல்றாங்க. மொத அம்பது பக்கத்துல எனக்கு எரிச்சலே வந்துருச்சு. அப்புறம்தான் எங்க சித்தப்பா ஐசியூல கெடந்த பதினோரு நாள் ஞாபகம் வந்துச்சு, நாங்களும் அப்படித்தான் "காலைலயே கூட்டியாந்திருக்கலாம், காலைலயே கூட்டியாந்திருக்கலாம்"னு அத ஒண்ணயே பேசிக்கிட்டு நின்னோம். அதுக்கப்புறம் கீழ வைக்க முடியல. இருந்தாலும் நடுவுல கொஞ்சம் கொறச்சிருக்கலாம்னு இப்பவும் தோணுது.

அடுத்து பூமணியோட வெக்கை. 1982ல வந்தது, இவ்வளவு நாள் எப்படி படிக்காம விட்டேன்னு தெரியல. அண்ணனக் கொன்னவன வெட்டிட்டு பதினஞ்சு வயசுப் பையன் சிதம்பரம் ஓடுறான், அப்பாவும் மகனும் காட்டுலயும் மலையிலயும் ஒளிஞ்சு திரியிறாங்க, அவ்வளவுதான் கதை. ஆனா அதுல என்ன இருக்குன்னா சோறு பொங்குறது, கெடச்சதப் பறிச்சுத் திங்கிறது, எங்க தண்ணி இருக்கும்னு தேடுறது, ராத்திரி எங்க தலைய சாய்க்கிறது. ஒரு கொலை நடந்திருக்கு, ஆனா பயம் சோகம் கோவம்னு எழுத்தாளர் எங்கயும் நமக்கு வெளக்கம் குடுக்கல, அந்தப் பையன் பசில சாப்பிடுறத எழுதுறாரு, நமக்கு தொண்ட அடைக்குது. இந்த லீவுல படிச்சதுல எனக்கு இதான் ஒசத்தி.

பெருமாள்முருகனோட பூனாச்சில ஒரு தப்பு பண்ணிட்டேன். வெள்ளாட்டுக்குட்டி கதைதானேன்னு நான் படிக்கிறதுக்கு முன்னாடியே பொண்ணுகிட்ட குடுத்துட்டேன். கிழவனும் கிழவியும் குட்டிய வளக்குற எடமெல்லாம் ஆசையா படிச்சா, அப்புறம் அது படுற பாடு தாங்காம அழுதுட்டு மூடி வச்சுட்டா. நான் அப்புறமா படிச்சப்பதான் தெரிஞ்சது, ஆட்டுக்கு காது குத்தி கணக்கு வைக்கிற அரசாங்கம், பஞ்சம், அந்தப் பொட்டக்குட்டிய அது இஷ்டம் இல்லாம சேத்து விடுறது, இதெல்லாம் பெரியவங்களுக்கான சமாச்சாரம். அருமையான நாவல், ஆனா குழந்தைங்க கைல குடுத்துராதீங்க.

அவ படிச்சதுல டோட்டோ-சான்ங்கிற ஜப்பான் புத்தகம்தான் ஒரேயடியா பிடிச்சுது. ஓடாத ரயில் பெட்டியில கிளாஸ் நடக்குற பள்ளிக்கூடம், மொத நாளே நாலு மணி நேரம் பிள்ள பேசுறத கேக்குற ஹெட்மாஸ்டர். கக்கூஸ் குழிக்குள்ள பர்ஸ் விழுந்து டோட்டோ எல்லாத்தையும் அள்ளி வெளிய போடுற எடத்துல விழுந்து விழுந்து சிரிச்சா, ஹெட்மாஸ்டர் திட்டாம "முடிஞ்சதும் எல்லாத்தையும் திரும்ப உள்ள போட்டுருவதான"ன்னு மட்டும் கேட்டுட்டு போறாருல்ல, அந்த பக்கத்த எனக்கு மூணு தடவ படிச்சுக் காட்டுனா. குட்டி இளவரசன் அவளுக்கு ஓடல, மலைப்பாம்புக்குள்ள யானை படம் மட்டும் பிடிச்சுது, பாதியில வச்சுட்டா. நரி வர்ற எடத்துல அழுதது நான்தான்.

இது போக கடைல வாங்குன கதைத் தொகுப்பு ரெண்டு இருக்கு, பேர் சொல்ல விரும்பல. முயலோ எறும்போ எதுவா இருந்தாலும் கடைசில நீதின்னு தடிச்ச எழுத்துல ஒரு வரி. பொண்ணு இப்ப கதைய விட்டுட்டு நேரா அந்த வரிய படிச்சுட்டு "இது தெரிஞ்சதுதான்"னு தூக்கி வச்சுடுறா. எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கு, கதைய நம்பாம ஏன் இப்படி பண்றாங்க?

கேள்வி இதான்: புத்தி சொல்லாத தமிழ் சிறுவர் புத்தகம் ஒம்பது வயசுக்கு என்ன இருக்கு? அப்புறம் எனக்கு எரநூறு பக்கத்துக்குள்ள ஒரு நல்ல நாவல் சொல்லுங்க.

கரிசல் வாசகன்:

அக்கா, செல்லாத பணம் பத்தி நீங்க சொன்ன கடைசி வரிய மட்டும் ஒத்துக்க மாட்டேன். அத கொறச்சா அது வேற நாவல். அங்க நிக்கிறவங்களுக்கு செய்யிறதுக்கு ஒண்ணுமே இல்ல, பேசுறதத் தவிர, அந்த கையாலாகாத்தனத்த நமக்கு உணர வைக்கணும்னா நம்மளயும் அந்த வராண்டால நிக்க வச்சுத்தான் ஆகணும். நீங்களே சித்தப்பாவ நெனச்சீங்கள்ல, அது அந்த திரும்பத் திரும்ப வர்ற பேச்சாலதான் நடந்துச்சு.

வெக்கை பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. 2019ல இத வச்சு எடுத்த அசுரன் படம் வந்த பெறகு நெறைய பேரு படத்த மனசுல வச்சுக்கிட்டு நாவல எடுத்துட்டு "சண்டையே இல்ல"ன்னு சொல்றாங்க. படம் அப்பாவத் தூக்கிப் பிடிக்குது, நாவல் பையன விட்டு நகராது. எங்க ஊருப் பக்கத்து கரிசக்காடும் கள்ளிச்செடியும் எழுத்துல பாக்கணும்னா அவரோட பிறகு நாவலும் படிங்க, 1979ல வந்தது.

எரநூறு பக்கத்துக்குள்ளன்னா யோசிக்கவே வேணாம், அசோகமித்திரனோட தண்ணீர். 1973. சென்னைல ஒரு தெரு, தண்ணிப் பஞ்சம், ஜமுனா சாயான்னு அக்கா தங்கச்சி, பக்கத்துல டீச்சரம்மா. சினிமா ஆசை காட்டி ஜமுனாவ ஏமாத்துற பாஸ்கர் ராவ். ஆளுங்க கொடத்தத் தூக்கிட்டு அலையிறதயும் ரோட்டத் தோண்டிப் போட்டுட்டுப் போறதயும் எழுதிட்டே போவாரு, அது தண்ணியப் பத்தி மட்டும் இல்லன்னு நமக்கே மெதுவா உறைக்கும். 2019ல சென்னைல தண்ணி லாரிக்கு பின்னாடி ஓடுனப்ப நான் ரெண்டாவது தடவ படிச்சேன், ஒரு வரிகூட பழசாகல. ஜமுனா சாகணும்னு நிக்கிறப்ப டீச்சரம்மா தன் கதையச் சொல்லுவாங்க பாருங்க, அதுல ஒரு ஆறுதல் வார்த்த கெடையாது, ஆனா ஜமுனா எந்திரிச்சிருவா.

நாலாப்பு டீச்சர்:

நான் அரசுப் பள்ளில வேலை பாக்குறேன், நாலாம் வகுப்புதான், அதனால சிறுவர் புத்தகம் பத்தி மட்டும் சொல்றேன் சகோதரி.

நீதி வரி போடுறவங்க மேல உங்களுக்கு இருக்குற அதே கோவம் எனக்கும் உண்டு. ஆனா பெத்தவங்களும் ஒரு காரணம். புத்தகக் கண்காட்சில நின்னு பாத்திருக்கேன், பிள்ளை படம் பாத்து ஒண்ண எடுக்கும், அப்பா வாங்கிப் பெரட்டிட்டு "இதுல என்ன கத்துக்கப் போற"ன்னு திரும்ப வச்சுடுவாரு. அப்புறம் பதிப்பாளர் என்னத்த அச்சடிப்பாரு?

விஷயம் சொல்ற புத்தகம் எல்லாமே மோசம்னும் இல்ல. யெஸ். பாலபாரதி எழுதுன மரப்பாச்சி சொன்ன ரகசியம், சிறுவர் இலக்கியத்துக்கு சாகித்திய அகாடமி குடுக்குற பால சாகித்திய புரஸ்கார 2020ல வாங்குனது. குழந்தைங்ககிட்ட தப்பா நடந்துக்குற பெரியவங்களப் பத்தினது. இத நேரா சொன்னா பிள்ளைங்க பயந்துரும், இல்ல காத மூடிக்கும். இங்க ஒரு மரப்பாச்சி பொம்ம பேசுது, அது பேசுறது பிள்ளைங்களுக்கு அதிசயமா இருக்கு, அந்த அதிசயத்துலயே விஷயமும் உள்ள போயிடுது. ஒண்ணு ரெண்டு எடத்துல வகுப்பு எடுக்குற மாதிரி இருக்கும், மறைக்க மாட்டேன். ஆனா என் வகுப்புல இத வாசிச்சு முடிச்ச ரெண்டாவது நாள் ஒரு பொண்ணு தனியா வந்து எங்கிட்ட பேசுச்சு. அதனால இந்த புத்தகத்துக்கு நான் என்னைக்கும் கடமப்பட்டிருக்கேன்.

உங்க ஊருக்குன்னே எழுதுன மாதிரி உதயசங்கரோட ஆதனின் பொம்மை இருக்கு, 2023 பால சாகித்திய புரஸ்கார். கீழடில கெடைக்கிற ஒரு பொம்மய வச்சுக்கிட்டு ரெண்டாயிரத்து அறநூறு வருஷம் பின்னாடி போற கதை. ஆதன்ங்கிற பேரு அங்க தோண்டுனப்ப கெடச்ச பானை ஓட்டுல நெசமாவே எழுதியிருந்த பேரு, அத பிள்ளைங்ககிட்ட சொன்னதும் கண்ணு விரியுது பாருங்க. மதுரைல இருந்துக்கிட்டு இத படிக்காம விடாதீங்க.

காசு செலவில்லாம வேணும்னா பிரதம் புக்ஸ் நிறுவனத்தோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதை நெறைய கெடக்கு, சும்மாவே படிக்கலாம். எங்க பள்ளிக்கு வாசிப்பு இயக்கத்துல இருந்து நுழை, நட, ஓடு, பறன்னு படி பிரிச்ச சின்னச் சின்ன புத்தகம் வந்துச்சு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளகூட "டீச்சர் நான் நட முடிச்சுட்டேன், ஓடு குடுங்க"ன்னு வந்து நிக்குது. அதுல எங்கயும் நீதி வரி கெடையாது.

ஈரோட்டு மருமக:

பூனாச்சி படிச்சுட்டு அழுத பாப்பாவ நெனச்சா சங்கடமா இருக்குதுங்க அக்கா. அந்த நாவல் எழுதுன நேரமும் அப்படிங்க, அவரோட மாதொருபாகன் நாவலுக்கு எதிர்ப்பு வந்து பிரச்சனையானதுக்கப்புறம் எழுத்தையே விட்டுட்டேன்னு சொன்ன மனுசன், 2016ல அவருக்கு சாதகமா ஐகோர்ட் தீர்ப்பு வந்த பெறகு திரும்ப வந்து எழுதுன மொத நாவல் அது. மனுசங்களப் பத்தி எழுதப் பயமா இருக்குதுன்னுதான் ஆட்டப் பத்தி எழுதுனாரு. அது தெரிஞ்சு படிச்சா காது குத்துற எடம் இன்னும் வலிக்கும்.

அதே மாதிரி இன்னொண்ணும் ஏமாத்தும், சாக்கிரதைங்க. பெருமாள்முருகனோட கூளமாதாரி, 2000ல வந்தது. ஆடு மேய்க்கிற பசங்க கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, எல்லாம் குழந்தைங்கதான், கெணத்துல குதிக்கிறது பனம்பழம் பொறுக்கறதுன்னு சந்தோசமா போகும், ஆனா பண்ணையத்துல ஆளுக்காரனா விடப்பட்ட பசங்க கதை அது, முடிவ என்னால ரெண்டு நாள் மறக்க முடியல. நான் சின்ன வயசுல பாத்த தோட்டங்கதாங்க அது, அப்ப ஆடு மேச்ச பையன் பேர நான் கேட்டதே இல்லைங்கறது படிக்கறப்பதான் ஒறச்சுது.

இப்ப முடிச்சது தேவிபாரதியோட நீர்வழிப் படூஉம், 2023 சாகித்திய அகாடமி. காருமாமா செத்துப்போறாரு, ஊருசனம் ஒறவுசனமெல்லாம் வந்து கூடுது. கொங்குப் பக்கம் குடிநாவிதர் சனங்க வாழ்க்கை, எங்க பேச்சு அப்படியே இருக்குது. ஆனா உண்மையச் சொல்லணும்னா யாரு யாருக்கு என்ன மொறைன்னு பிடிபடறதுக்கே எனக்கு பாதி நாவல் ஆயிருச்சு, நானே ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டேன். வெளியூருக்காரங்களுக்கு இன்னும் கஷ்டமா இருக்கும். அதையும் மீறி எழவு வீட்டுல பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தரு கட்டிக்கிட்டு அழுகுறது, பழைய பகையெல்லாம் அந்த நேரத்துல கரையறது, அதுக்காகவே படிக்கலாமுங்க.

ரெண்டு பசங்க அப்பா:

குட்டி இளவரசன கைவிட்டுடாதீங்க சிஸ்டர். என் பெரியவனும் ஒம்பது வயசுல தூக்கி வச்சான், பன்னெண்டு வயசுல தானா எடுத்துப் படிச்சுட்டு நைட்டு பதினோரு மணிக்கு எழுப்பி "அப்பா அவன் செத்துட்டானா, இல்ல கிரகத்துக்கு போயிட்டானா"ன்னு கேட்டான். ரெண்டு பேரும் மொட்ட மாடில போய் உக்காந்துட்டோம். அலமாரில அவ கண்ணுல படுற மாதிரி வைங்க, போதும்.

த்ரில்லா வேணும்னா ஜெயமோகன் சிறுவர்களுக்கு எழுதுன பனிமனிதன் குடுத்துப் பாருங்க. இமயமலைல யெட்டியத் தேடிப் போற கதை. சின்னவனுக்கு நடுவுல வர்ற வெளக்கமெல்லாம் கொஞ்சம் கனமா இருந்துச்சு, அத தாண்டிக் குதிச்சுட்டு கதைய மட்டும் படிச்சான். ஒம்பதுக்கு கொஞ்சம் சீக்கிரம், பக்கத்துல உக்காந்து நீங்க வாசிச்சுக் காட்டுனா சரியா இருக்கும்.

மதுரை அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், நீங்க எழுதுன அந்தப் பொண்ணு விஷயத்த படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மரப்பாச்சிய நானும் பொண்ணும் சேந்தே படிக்கப் போறோம், அவளத் தனியா விடப்போறதில்ல.

கரிசல் தம்பி, கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல தண்ணீர எடுத்து அங்கயே உக்காந்து நாப்பது பக்கம் படிச்சேன். கொழாயடியில கொடம் வச்சுட்டு நிக்கிற எடத்துல எங்க அம்மா நிக்கிற மாதிரியே இருந்துச்சு. செல்லாத பணத்துல கொறச்சிருக்கலாம்னு சொன்னத இன்னும் முழுசா மாத்திக்கல, ஆனா நீங்க சொன்னத வச்சு ரெண்டாவது தடவ படிக்கணும்.

டோட்டோ-சான் நேத்து முடிச்சா. 1945ல குண்டு போட்டு பள்ளிக்கூடம் எரியிறப்ப ஹெட்மாஸ்டர் அதப் பாத்துக்கிட்டே அடுத்து என்ன மாதிரி பள்ளிக்கூடம் கட்டலாம்னு மகன்கிட்ட கேக்குறாருல்ல, அங்க நிறுத்திட்டு "அப்ப கட்டுனாரா"ன்னு என்னக் கேட்டா. புத்தகத்தோட கடைசில இருக்கு, நீயே படின்னு சொல்லிட்டேன்.

ஆதனின் பொம்மைக்கு ஆர்டர் போட்டாச்சு. வந்ததும் படிச்சுட்டு கீழடி மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன், பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சுத்திப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும், இந்த வெயில்ல காலைல போறது நல்லதா சாயங்காலமா?