‘கன்ட்ரோல்ட் டெக்னாலஜி’ என்று எதைச் சொல்கிறார்கள்? பினாங்கில் உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

சுங்கை_நிபோங்:

பாயான் லெப்பாஸில் பதினோரு வருஷமாக வேலை. ஆவணப் பிரிவில் சேர்ந்தேன், இப்போது ஏற்றுமதி விதிகளைப் பார்க்கும் மேசையில் இருக்கிறேன். போன வருஷம் நடந்த ஒன்று இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் லைனில் சீனாவிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் இருக்கிறார். இங்கே வந்து பதினான்கு வருஷம். மனைவி ரெலாவ்காரர், பிள்ளை இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டெஸ்ட் அறைக் கதவில் அட்டையை வைக்கிறார், சிவப்பு விளக்கு எரிகிறது. மறுபடி வைக்கிறார், மறுபடியும் சிவப்பு. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானமே அவர் மேசை ஸ்டோர் பக்கம் போய்விட்டது.

காரணம் ஓர் அமெரிக்க வாடிக்கையாளரோடு போட்ட புது ஒப்பந்தம். வரையறைப் பக்கத்தில் ‘கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பம்’ என்பதற்கு எழுதியிருந்தது இதுதான்: வாடிக்கையாளர் தரும் எல்லா வரைபடங்களும், விவரக்குறிப்புகளும், சோதனை நிரல்களும், அவற்றிலிருந்து உருவாகும் எதுவும். அதாவது மின்சுற்றுப் பலகையைப் பிடித்துவைக்கும் சாதாரண ஜிக்கின் வரைபடம்கூட அதற்குள் வந்துவிடும். நான்கு பக்கம் தள்ளி இன்னொரு வரி: இதைப் பார்க்கிறவர் ‘எந்த நாட்டில் பிறந்தார்’ என்று சரிபார்க்க வேண்டுமாம்.

எச்ஆரில் எல்லாரும் இது அமெரிக்கச் சட்டம், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து சட்டத்தையே படித்தேன்.

அமெரிக்க வர்த்தகத் துறையின் ஏற்றுமதி விதிகளில் ‘டீம்டு ரீ எக்ஸ்போர்ட்’ என்று ஒன்று உண்டு. அவர்கள் கட்டுப்பாட்டில் உள்ள நுட்பத்தை மலேசியாவில் வைத்து வேறு நாட்டுக்காரர் ஒருவருக்குக் காட்டினால், அது அவர் நாட்டுக்கே ஏற்றுமதி ஆனதாகக் கணக்கு. சரி. ஆனால் ‘அவர் நாடு’ எது? கடைசியாகக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்ற நாடு. பிறந்த நாடு அல்ல. எங்கள் பொறியாளர் சிவப்பு ஐசி வைத்திருப்பவர், இங்கே நிரந்தரவாசி. அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் கணக்கு மலேசியாவோடு.

அப்படியானால் அந்த வரி எங்கிருந்து வந்தது? ராணுவத் தளவாடங்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை வைத்திருக்கும் விதிகள் வேறு, அவை கடுமையானவை. ஒருவர் இன்று எந்த நாட்டவர் என்று மட்டும் பார்க்காமல் முன்பு வைத்திருந்த குடியுரிமைகளையும் எண்ணுவார்கள். அந்த உலகத்துக்கு எழுதிய மாதிரி ஒப்பந்தத்தைத் தேய்த்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. நாங்கள் செய்வதோ மருத்துவக் கருவிக்கான பலகை.

அந்த மனிதர் ஸ்டோர் பக்கம் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தார். சட்டம் கேட்காத ஒன்றுக்காக. எனக்கு அதில்தான் கோபம்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.

பிறை_ஃபார்வர்டிங்:

அக்கா, நம்ம பக்கம் பெட்டி கதை. பட்டர்வொர்த்ல ஒரு ஷிப்மென்ட். கஸ்டமர் குடுத்த இன்வாய்ஸ்ல ‘இன்ஸ்பெக்‌ஷன் கேமரா, 12 யூனிட்’னு மட்டும் போட்டிருந்துச்சு. நானும் கஸ்டம்ஸுக்குக் குடுக்கிற கே2 ஏற்றுமதி ஃபாரத்துல அப்படியே போடப் போனேன். எங்க சீனியர் பார்த்துட்டு, “தம்பி, டேட்டாஷீட் எடு, ஃப்ரேம் ரேட் பாரு”ன்னாரு. தெர்மல் கேமரா. 30 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 30 படம்.

அப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். பெர்மிட் வேண்டிய பொருள் எதுன்னு அரசாங்கம் போட்டிருக்கிற லிஸ்ட்ல 6ஏ003ன்னு ஒரு எண். சூட்டைப் பார்க்கிற கேமராவுல ஒரு வகைக்கு வினாடிக்கு 9 படம் வரைக்கும்னா விலக்கு இருக்கு. அதுக்கு மேல போனா மத்த குறிப்பெல்லாம் படிச்சுப் பார்க்கணும். வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே கேமராதான், ஒரே டப்பா, ஒரே லென்ஸ். வேகமா ஓடுறதைத் தொடர்ந்து பார்க்க முடியுமா முடியாதாங்கிறதுதான் வித்தியாசம்.

கஸ்டமர் போன்ல கத்துனாரு: “இது ஃபேக்டரியில பைப் சூடு பார்க்கிற கேமராலா, பாம் இல்ல!” அவர் சொன்னது உண்மைதான். ஆனா வரையறை அவர் எதுக்கு வாங்குறாருன்னு ஆரம்பிக்கல, அந்தப் பொருளால என்ன முடியும்னுதான் ஆரம்பிக்குது. பெர்மிட் வர்ற வரைக்கும் பெட்டி நகரல. அன்னையிலேருந்து இன்வாய்ஸ் மட்டும் பார்த்து நான் ஃபாரம் நிரப்புறது கிடையாது.

கூலிம்_கோடர்:

எனக்குப் பெட்டியும் இல்லை, லாரியும் இல்லை. ஒரு போன் கால்தான்.

கோயம்புத்தூரில் எங்கள் குழுவின் இன்னொரு பாதி இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அங்கிருந்து ஒரு பையன் கூப்பிட்டு, “அண்ணா, அந்தக் கேலிப்ரேஷன் டாகுமென்ட்ல மூணாவது டேபிள் மட்டும் வாசிச்சுக் காட்டுங்க” என்றான். ஃபைல் அனுப்பக்கூடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வாசிப்பதில் என்ன என்று நினைத்தேன். வாசித்தும் விட்டேன்.

மறுநாள் பயிற்சி வகுப்பில் இப்படிப்பட்ட ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நமது மலேசிய வியூக வர்த்தகச் சட்டம் 2010ல் ‘ஏற்றுமதி’யின் வரையறையைத் திரையில் காட்டினார்கள். கப்பலும் விமானமும் ஒரு பாதி. நுட்பத்தை எந்த வழியிலாவது நாட்டுக்கு வெளியே அனுப்புவது மறுபாதி. அதற்குள்ளேயே தெளிவாக இருக்கிறது: ஆவணத்தின் அந்தப் பகுதியைத் தொலைத்தொடர்புக் கருவியில் வாசித்துக் காட்டினாலும், விவரித்தாலும், திரையில் காட்டினாலும் அதுவும் ஏற்றுமதி. எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

வகுப்பு முடிந்ததும் நேராக மேலாளரிடம் போய்ச் சொன்னேன். சரிபார்த்ததில் அந்த அட்டவணை பட்டியலில் வராது என்று தெரிந்தது. அங்கேதான் இன்னொரு சொல்லையும் கற்றேன்: ‘தேவையான’. பட்டியலில் நுட்பம் என்று வரும் பல இடங்களில் ‘தேவையான நுட்பம்’ என்றுதான் இருக்கும். அதற்குத் தனி வரையறை உண்டு. கட்டுப்பாட்டு அளவை எட்டவோ தாண்டவோ தனிப்பட்ட முறையில் காரணமாக இருக்கும் பகுதி மட்டும்தான் ‘தேவையானது’. என் அட்டவணை எந்தக் கருவிக்கும் பொருந்தும் சாதாரணத் திருத்தக் கணக்கு. தப்பித்தேன். ஆனால் வாசிக்கும்போது இது எதுவும் எனக்குத் தெரியாது, அதுதான் உறுத்துகிறது.

ஆயர்_ஈத்தாம்_பெரியவர்:

பிள்ளைகளே, நான் ஓய்வுபெற்ற லேத்துக்காரன். 2003ல் கிள்ளானில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தேன். அந்த வருஷம் அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘பிபிசி சைனா’ கப்பலை இத்தாலிக்குத் திருப்பிச் சோதித்தார்கள். உள்ளே யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்கான பாகங்கள். செய்தது நம் ஷா ஆலமில். அடுத்த வருஷம் அந்தச் செய்தி வெளியே வந்தபோது எங்கள் வட்டாரப் பட்டறைகளில் எல்லாம் அதே பேச்சுதான்.

எங்களுக்கு ஏன் பயம் வந்தது தெரியுமா? அந்த மாதிரி வேலை எங்களுக்கும் வரும். வரைபடம் வரும், அளவு இருக்கும், எந்த உலோகம் என்று இருக்கும். எதற்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள், நாங்களும் கேட்டதில்லை. ஒப்பந்தம் என்றால் ஒரே தாள்: ‘வரைபடப்படி பாகங்கள்’, விலை, தேதி.

இன்று பட்டியலை எடுத்துப் பாருங்கள், 1சி202 என்று ஓர் எண். 20 டிகிரி செல்சியஸில் 460 மெகா பாஸ்கல் இழுவலிமை எட்டக்கூடிய அலுமினியக் கலவை, குழாயாகவோ உருளையாகவோ, வெளிவிட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல். அவ்வளவுதான் வரையறை. அணு என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. என் கையில் எத்தனை தடவை அப்படிப்பட்ட குழாய் சுழன்றிருக்கும்! வெர்னியரை வைத்து விட்டம் பார்த்தோம், அந்த எண்ணுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது தெரியாமல். 2010ல் சட்டம் வந்தது தாமதம் என்றே நான் சொல்வேன். இப்போது வேலையில் இருப்பவர்கள் எண்ணோடு சேர்த்து ஆளையும் கேளுங்கள்: கடைசியில் இதைப் பயன்படுத்தப் போகிறவர் யார்?

பிறை_ஃபார்வர்டிங்:

ஐயா சொன்னது சரி. லிஸ்ட்ல இல்லாட்டியும் விடமாட்டாங்க. 2025 ஜூலை 14 மித்தி (நம்ம வர்த்தக அமைச்சு) அறிவிப்பு ஞாபகம் இருக்கா? அமெரிக்காவிலேருந்து வந்த உயர்திறன் ஏஐ சிப்பை இங்கேருந்து வெளிய அனுப்பினாலும் சரி, வேற நாட்டுக்குப் போற வழியில இங்க வந்து கடந்து போனாலும் சரி, பெர்மிட் வேணும். லிஸ்ட்ல பேர் இல்லாத பொருளா இருந்தாலும் தப்பா போகுதுன்னு தெரிஞ்சா, இல்ல நியாயமான சந்தேகம் இருந்தா, அனுப்புறதுக்கு 30 நாளுக்கு முன்னாடியே அதிகாரிங்ககிட்ட சொல்லணும்.

கூலிம்_கோடர்:

சுங்கை நிபோங் அக்கா, அந்தப் பொறியாளர் என்ன ஆனார்? கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே.

சுங்கை_நிபோங்:

மன்னிக்கணும் தம்பி, எழுதும்போதே தொண்டை அடைத்தது, நிறுத்திவிட்டேன்.

வாடிக்கையாளருக்கு ஒரே கேள்வி அனுப்பினேன்: “147 வரைபடங்களுக்கும் வகைப்பாட்டு எண் தாருங்கள்.” சண்டை போடவில்லை, எண் மட்டும் கேட்டேன். ஆறு வாரம் பதில் இல்லை. விடாமல் வாராவாரம் நினைவூட்டினேன். கடைசியில் ஒரு அட்டவணை வந்தது. 145க்கு எதிரே ‘இஏஆர் 99’. அது பட்டியலில் தனி எண் இல்லாத சாதாரணப் பொருளுக்கு அமெரிக்கர்கள் போடும் முத்திரை. மீதி இரண்டு 3இ001, சிப் தயாரிப்பு தொடர்பானவை. அவை எங்கள் வேலைக்கே வேண்டியதில்லை, தவறுதலாகக் கோப்பில் சேர்ந்து வந்திருந்தன. திருப்பி அனுப்பி, சர்வரிலிருந்தும் அழித்தோம்.

வரையறைப் பக்கத்தைத் திருத்தினோம். ‘எல்லாம்’ போய், ‘இணைப்பில் எண்ணோடு குறிப்பிட்டவை மட்டும்’ என்று வந்தது. ‘பிறந்த நாடு’ என்ற வரியை எடுத்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கறிஞர் மறுக்கவே இல்லை, ஒரே மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார். யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

அவரை அழைத்துச் சொல்லப் போனபோது நான் கேட்காமலே பர்ஸைத் திறந்து சிவப்பு ஐசியை என் மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. “வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். மறுநாள் கதவில் பச்சை விளக்கு. உள்ளே போனவர் யாரிடமும் பேசவில்லை, பாகங்களைப் பலகையில் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்புக்கு நேராகப் போனார். பக்கத்தில் ஒட்டியிருந்த வெப்பநிலைத் தாளில் அவர் பென்சிலில் எழுதிவைத்த எண்ணை யாரோ அடித்து மாற்றியிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மலாயில் கேட்டார்: “இதை யார் மாற்றியது?”