புதுப்பிப்பு: பிஎச்.டி. பதிவு ரத்தாகவில்லை

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேனே, 2020ல் சேர்ந்தேன், ஆறு வருஷம் முடியப்போகுது, ஆய்வேடு பாதியில் நிக்குது, "ரெஜிஸ்ட்ரேஷன் ரத்தாயிடும்மா" என்று யுனிவர்சிட்டி பிஎச்.டி. செக்‌ஷனில் சொல்லிவிட்டார்கள் என்று. ரத்தாகவில்லை!

மறுபதிவு செய்தால் 2 வருஷம் கிடைக்கும் என்று பலர் சொன்னீர்கள். அது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறை. அந்த நவம்பரில் அறிவிக்கை வருவதற்கு முன் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் பழைய 2016 விதிதான். அதிலேயே பெண்களுக்கு 6 வருஷத்துக்கு மேல் 2 வருஷம் சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை தனி.

கைடு, அந்தச் சலுகை இருக்கிற விதிப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, பச்சை மையில் கோடு போட்டு, விண்ணப்பத்தோடு பின் அடித்துக் கொடுத்தார். செக்‌ஷன் அண்ணன் இரண்டு தரம் படித்துவிட்டு, "இது இருக்கா?" என்றார். சீல் விழுந்தது.

ஆனால் பழைய விதி என்றால் முழுசாகப் பழைய விதிதான். புதுசில் கட்டாயமில்லாத ஜர்னல் கட்டுரை ஒன்று, கருத்தரங்கக் கட்டுரை இரண்டு எனக்குக் கட்டாயம். கருத்தரங்கு இரண்டும் ஆச்சு. ஜர்னல்காரர்கள் மூணாவது முறையாகத் திருத்தம் கேட்டிருக்கிறார்கள்.