மேகம் போன பிறகும் பவர் பேங்க் சார்ஜ் ஏறவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி:
முகாமுக்கு எடுத்துப்போகும் மடிப்பு சோலார் பேனல், 21 வாட், யூஎஸ்பி மட்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் மாட்டுகிறேன். காலையில் நன்றாக ஏறுகிறது. நடுவில் ஒரு மேகம் வந்து போனால் அதோடு சரி. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, பவர் பேங்க் விளக்கும் மினுக்குகிறது, ஆனால் சாயங்காலம் பார்த்தால் பெரிதாக எதுவும் ஏறியிருக்காது. கோளாறு பேனலிலா, பவர் பேங்கிலா?

பதில் 1:
இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். கேபிளைக் கழற்றி, சில விநாடி விட்டு மாட்டிப் பாருங்கள். மேகம் மறைத்ததும் பேனலின் வோல்டேஜ் சரியும். சார்ஜருக்குத் தெம்பு இவ்வளவுதான் என்று பவர் பேங்க் தான் இழுக்கும் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். வெயில் திரும்பினாலும் பல பவர் பேங்குகள் அதை மறுபடி கூட்டுவதில்லை. நடுவே ஒரு யூஎஸ்பி மீட்டர் போட்டால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பதில் 2:
கேபிளையும் பாருங்கள். 5 வோல்ட்டில் அரை வோல்ட் வழியிலேயே தொலைந்தால் பத்தில் ஒரு பங்கு போச்சு. குட்டையான, தடித்த கேபிள்தான் நல்லது. அப்புறம், பேனலின் பின்பக்கப் பையில் பவர் பேங்கை வைக்காதீர்கள் (அந்தப் பையை எதற்குத்தான் தைக்கிறார்களோ!). லித்தியம் செல் 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் ஏற்றக் கூடாது. தனியே நிழலில் வையுங்கள்.

கேட்டவர்:
மீட்டர் போட்டேன். முதலில் 2 ஆம்பியர், மேகம் போன பிறகு 0.3-லேயே நின்றது. கழற்றி மாட்டியதும் பழையபடி 2. நன்றி! ஆனால் 21 வாட்டில் 10 வாட்தானே வருகிறது?

பதில் 1:
21 என்பது சோதனைக்கூடக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலில் உள்ள சோலார் செல்லின் சூடு 25 டிகிரி. வெயிலில் செல் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். ஒற்றை யூஎஸ்பி துளைக்கு 2.4 ஆம்பியர் வரம்பு வைத்த பேனல்களும் உண்டு. தரையில் படுக்கப் போடாமல் சாய்த்து வையுங்கள். பேனல்மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் விழாவிட்டால் பேனல் சூரியனுக்கு நேராக இருக்கிறது.

உங்கள் பவர் பேங்க் 74 வாட்‑மணி. இழப்பையும் சேர்த்தால் 10 வாட்டில் ஒன்பது மணி நேரம். ஒரே பகலில் நிரம்பாது. பகலெல்லாம் காவல் இருக்க முடியாதென்றால், வெளிச்சம் திரும்பியதும் தானே துண்டித்து மறுபடி இணைக்கும் வசதியுள்ள பேனலாகப் பாருங்கள்.