பிந்திய மணிக்கூடு: கணினித் திரையில் நேரங்காட்டி அமைத்த அனுபவங்கள்

கொக்குவிலிலிருந்து:

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கை, பௌதிகவியல் பல்தேர்வு வினாத்தாளை வீட்டிலேயே நேரம் குறித்துச் செய்து பழகுவதற்காக, மடிக்கணினித் திரையின் ஓரத்தில் நிற்கும் சிறிய நேரங்காட்டி ஒன்று வேண்டுமெனக் கேட்டாள். 50 வினாக்களுக்கு 2 மணித்தியாலம்; ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். கைத்தொலைபேசியில் அந்த வசதி உண்டுதான். ஆனால் அது மேசைக்கு வந்தால் படிப்பு மேசையை விட்டுப் போய்விடும் என்பது அம்மாவின் கட்சி.

பைத்தன் நிரல்மொழியையும், அதில் சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்க உதவும் டிகின்டர் நூலகத்தையும் தெரிவுசெய்தேன். ஒரு சாளரம், பெரிய எழுத்தில் நேரம், இரண்டு பொத்தான்கள், சாளரத்தை மற்றவற்றின் மேல் எப்போதும் நிறுத்தும் 'டாப்மோஸ்ட்' பண்பு ஆகிய அனைத்தும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டன. எண்ணும் வேலையில்தான் அகப்பட்டுக்கொண்டேன். 'ஸ்லீப்' கட்டளையால் ஒவ்வொரு செக்கனும் காத்திருந்து எண்ணைக் குறைக்கும் மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் நிரற்பகுதி) ஒன்றை முதலில் எழுதினேன். பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்துவிட்டது. திரையை வரைவதும் சொடுக்கைக் கவனிப்பதும் ஒரே முதன்மை மடக்கின் வேலை என்பதால், அதை உறங்கவைத்தால் எல்லாமே உறங்கிவிடும். ஆகவே, 1000 மில்லிசெக்கன் கழித்து மீண்டும் அழைக்குமாறு சொல்லிவிட்டு உடனே விலகிக்கொள்ளும் 'ஆஃப்டர்' முறைக்கு மாறினேன்.

முதல்நாட் பயிற்சி முடிந்ததும் தங்கை சுவரைக் காட்டி, "அண்ணா, உங்கட மணிக்கூடு பிந்துது" என்றாள். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் பிந்தியிருந்தது. குறித்த நேரத்துக்கு முன்னர் அழைப்பதில்லை என்பதற்கு மட்டுமே 'ஆஃப்டர்' பொறுப்பு. எவ்வளவு தாமதமாக அழைக்கும் என்பதற்கு அது பொறுப்பல்ல. தடவைக்கு 10 மில்லிசெக்கன் பிந்தினாலே 7200 தடவையில் 72 செக்கன் சேர்ந்துவிடும். எண்ணைக் குறைப்பதைக் கைவிட்டு, தொடங்கும்போதே முடிவு நேரத்தை, ஒருபோதும் பின்னோக்கிப் போகாத 'மொனோடோனிக்' என்ற கணினிக் கடிகாரத்தின்படி கணித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அழைப்பின்போதும் மிச்சம் எவ்வளவு எனக் கடிகாரத்தையே கேட்குமாறு மாற்றிய பின்னர்தான் சுவர் மணிக்கூடும் திரையும் ஒத்துப்போயின.

சுன்னாகத்திலிருந்து:

உங்களுடையது பிந்தியது; என்னுடையது முந்தியது. தொடக்கப் பொத்தானை என் மகன் இருமுறை அழுத்த, இரண்டு 'ஆஃப்டர்' சங்கிலிகள் ஒரே எண்ணை மாறிமாறிக் குறைத்ததால் 10 நிமிடம் 5 நிமிடத்தில் தீர்ந்தது. 'ஆஃப்டர்' திருப்பித் தரும் அடையாளத்தைச் சேமித்து, அடுத்த தொடக்கத்துக்கு முன் அதை இரத்துச்செய்தால் போதும்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது தமிழ் எழுத்துத்தான். விண்டோசில் ஒழுங்காகத் தெரிந்த 'தொடங்கு', லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் கொம்பு தகரத்துக்குப் பின்னே போய் நிற்க, வாசிக்க முடியாதபடி சிதைந்தது. டிகின்டருக்கு அடியில் இருந்து திரையை வரையும் டிகே 8.6, லினக்சில் எழுத்துகளைச் சேர்த்து உருவமைப்பதில்லை. எழுத்துருவை மாற்றிப் பார்த்து ஒரு மாலையை வீணாக்கிய பின்னரே இது புரிந்தது. கொம்பே இல்லாத 'ஆரம்பம்' என்ற சொல்லை வைத்து, நிறுத்தும் பொத்தானில் சிவப்புச் சதுரம் ஒன்றை வரைந்து ஒப்பேற்றினேன். கியூட்டி என்ற வேறொரு சாளர நூலகத்துக்கு மாறியிருந்தால் இந்தத் தந்திரம் தேவைப்பட்டிராது.

கோப்பாயிலிருந்து:

'மொனோடோனிக்' கடிகாரத்தை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்தேன். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மின்சாரம் திரும்பும் நேரத்தை நோக்கி எண்ணிக் குறையும் நேரங்காட்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தேன். மின்சாரம் வந்தவுடன் கிணற்று மோட்டரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். மின்கலத்தைச் சேமிக்க மடிக்கணினியை மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் இன்னும் 1 மணித்தியாலம் 40 நிமிடம் என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லினக்சில் அந்தக் கடிகாரம் கணினி துயிலும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. துயிலையும் சேர்த்து எண்ணும் 'பூட்டைம்' கடிகாரம் பைத்தன் 3.7 முதல் கிடைக்கிறது; அன்றிரவே அதற்கு மாறிவிட்டேன்.