ரெக்கவரி வண்டிக்கு பர்மிட் தேவையா? ஆர்சியில் 'கூட்ஸ் கேரியர்' என்று இருக்கிறது

கேள்வி (ஓசூர்):
10 சக்கர லாரியில் அண்டர்லிஃப்ட் (பழுதான வண்டியை அடியிலிருந்து தூக்கும் கை), பூம் (மேலிருந்து தூக்கும் கை), 2 வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) பொருத்தியிருக்கிறோம். நெடுஞ்சாலையில் நின்றுபோன லாரிகளை ஷெட்டுக்கு இழுப்பதுதான் வேலை. ரெக்கவரிக்கு பர்மிட்டே வேண்டாம் என்றார்கள், நேஷனல் பர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. காலியாகத் திரும்பும்போது மறித்து, மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ-யில் (பர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு) 10,000 ரூபாய் அபராதம் போட்டுவிட்டார்கள். எது சரி?

பதில் 1:
இரண்டு பக்கமும் பாதி சரி. மோட்டார் வாகனச் சட்டம் 66(3) விலக்குப் பட்டியலில், பழுதான வண்டியை இழுக்கும் போக்குவரத்து வாகனத்துக்கு பர்மிட் வேண்டாம் என்று இருக்கிறது. கொக்கியில் லாரி தொங்கும்வரை அது உங்களுக்குக் கைகொடுக்கும். காலி வண்டியாக நின்றால் ஆர்சியைத்தான் பார்ப்பார்கள். அதில் கூட்ஸ் கேரியர்.

நிரந்தர வழி, ஆர்சியில் வகுப்பை மாற்றுவது. 2004 நவம்பர் 5 மத்திய அறிவிக்கையில் டோ டிரக், பிரேக்டவுன் வேன், ரெக்கவரி வாகனம் மூன்றும் போக்குவரத்து அல்லாத பட்டியலில் உள்ளன. அந்த வகுப்புக்குப் போய்விட்டால் பர்மிட் பேச்சே எழாது.

சிக்கல் பிரிவு 52. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. வெல்டிங் வைக்கும் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இப்போது பாடி பில்டரின் வரைபடம், பில், எடைமேடை ரசீது, கடன் இருந்தால் ஃபைனான்ஸ் என்ஓசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆர்டிஓவைப் பாருங்கள். வரி பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள். வகுப்பு மாறும்வரை எஃப்சியும் (தகுதிச் சான்று) பர்மிட்டும் உயிரோடு இருக்கட்டும். புது சேசிஸில் கட்டுபவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஃபார்ம் 22ஏ-யோடு (பாடி தனியாகக் கட்டிய வண்டி சாலைக்குத் தகுதியானது என்ற சான்று) முதல் பதிவிலேயே ரெக்கவரி என்று போட்டுவிடலாம்.

பதில் 2:
பர்மிட் இல்லாமல் தப்பிக்கலாம், எடையில் தப்பிக்க முடியாது. பின் ஆக்சில் நடுவிலிருந்து தூக்கும் இடம் 3 மீட்டர், வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 5 மீட்டர், தூக்குவது 5 டன் என்று வையுங்கள். உங்கள் முன் ஆக்சிலில் 3 டன் குறையும், பின்னால் 8 டன் ஏறும். 2018 வரம்புப்படி உங்கள் 10 சக்கர வண்டியைப் போன்ற இரட்டைப் பின் ஆக்சிலுக்கு 21 டன், 6 சக்கர வண்டியின் ஒற்றைப் பின் ஆக்சில் 4 டயருக்கு 11.5 டன். 6 சக்கர வண்டியில் அண்டர்லிஃப்ட் போட்டவர்கள் மாட்டுவது இங்கேதான். முன்பக்கம் லேசாகிவிட்டால் ஸ்டீயரிங்கும் பேச்சைக் கேட்காது. அதிக எடைக்கு அபராதம் 20,000, அதற்குமேல் டன்னுக்கு 2,000.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். பழுதான லாரியின் சரக்கை எங்கள் இன்னொரு லாரியில் ஏற்றி பெங்களூர் குடோனில் இறக்கலாமா? அதற்கும் பர்மிட் இல்லை.

பதில் 1:
கூடாது. விலக்கு, பாதுகாப்பான இடம்வரை கொண்டுபோய் வைப்பதற்கு மட்டும். குடோனில் டெலிவரி என்றால் அது சரக்குப் போக்குவரத்து, பர்மிட் வேண்டும். இ-வே பில்லில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) பகுதி பி-யில் வண்டி நம்பரையும் மாற்ற வேண்டும்.

பதில் 3:
இன்ஷூரன்ஸை யாரும் சொல்லவில்லை. சாதாரண கமர்ஷியல் பாலிசியில், கூலி வாங்காமல் இழுத்தால்தான் கவர். இழுக்கப்படும் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் கூலிக்கு இழுக்கிறீர்கள். ரெக்கவரி வேலைக்கு என்று எழுதிக்கொடுத்து, எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் திருத்தக் குறிப்பு) கையில் வந்தபிறகு ஷெட்டிலிருந்து கிளம்புங்கள்.