புதுப்பிப்பு: லேசர் பிரிண்டரில் விழும் கரும்புள்ளி

முன்பு கேட்டிருந்தது இதுதான்: வீட்டு லேசர் பிரிண்டரில் எதை அச்சடித்தாலும் வலது ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கரும்புள்ளிகள். ஃப்யூசரை, அதாவது மைத்தூளைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கும் பகுதியைப் பாருங்கள் என்றுதான் பலர் சொன்னீர்கள். ஃப்யூசர் இல்லை, டிரம்: மைத்தூளைத் தாளில் பதிக்கும் உருளை.

கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதுமாக இருந்தது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி 75 மி.மீ., பக்கம் முழுக்க மாறவே இல்லை. இப்படிச் சீராக வந்தால் ஏதோ ஓர் உருளை சுற்றிச் சுற்றி அதே கறையைப் பதிக்கிறது என்று அர்த்தம். என் பிரிண்டரில் டிரம்மின் விட்டம் 24 மி.மீ.; சுற்றளவு 75-க்குச் சற்று மேல். கணக்கு ஒத்துப்போனது. அப்புறம், அச்சாகும்போதே பாதியில் மூடியைத் திறந்து தாளை உருவினேன். ஃப்யூசருக்குள் போகாத பகுதியிலும் புள்ளி இருந்தது. (இன்னும் சூடுபடாத அந்த மைத்தூள் கையெல்லாம் அப்பும், ஜாக்கிரதை.)

டிரம்மைத் திருப்பிப் பார்த்தால் பூச்சின் மேல் கடுகளவு லேபிள் பசை. உலர்ந்த மென்துணியால் ஒற்றியும் வரவில்லை. சுரண்டினால் பூச்சே போய்விடும். வெளிச்சத்தில் அதிக நேரம் வைத்திருக்கவும் கூடாது. பேசாமல் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டேன், என் மாடலில் டிரம் அதோடு சேர்ந்தே வரும். புள்ளி போச்சு.

பிரிண்டர் தாளை இரண்டிரண்டாக இழுக்கும் இன்னொரு தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. தாள் பிரிக்கும் பேடைத் துடைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.