கொரிய எழுத்தில் இரண்டு ‘ஓ’: எப்படிப் பிரித்தறிவது?

வவுனியாப் பொடியன்:
கொரியாவுக்கு வேலைக்குப் போக எழுதும் இபிஎஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன். அடிப்படை உயிரெழுத்து பத்தும் எழுதப் பழகியாச்சு, வாசிக்கத்தான் முடியவில்லை. நின்ற கோட்டுக்கு இடப்பக்கம் சின்னக் கோடு போட்டாலும், படுத்த கோட்டுக்கு மேலே போட்டாலும் என் காதுக்கு ‘ஓ’தான். வெறும் படுத்த கோடு ‘உ’வா ‘இ’யா என்றே புரியவில்லை. கேட்டல் பகுதியில் இதால்தான் புள்ளி போகிறது. தெரிந்தவர்கள் சொல்லித்தாருங்கள்.

அன்சான் இரவுப்பணி:
தம்பி, நான் கொரியாவில், அன்சான் நகரில் பிளாஸ்டிக் வார்க்கிற ஆலையொன்றில் நாலு வருஷமாக இருக்கிறேன். வந்த முதல் கிழமை, என்ன குடிக்கிறாய் என்று மேற்பார்வையாளர் கேட்டார். ஊரில் சொல்வதுபோல “கோப்பி” என்றேன். அவர் என் மூக்கைப் பார்த்தார், அப்புறம் டிஷ்யூ பெட்டியை நீட்டினார். கொரியனில் கோப்பிக்கு வருவது நின்ற ஓ. அதே சொல்லில் படுத்த ஓ வந்தால் மூக்கிலிருந்து வடியும் இரத்தம்!

படுத்த ஓவுக்கு உதட்டை நன்றாகக் குவி. நின்ற ஓவுக்கு ‘அ’ சொல்வதுபோல வாயைத் திறந்துவைத்து, உதட்டைக் குவிக்காமல் ‘ஒ’ சொல்லப் பார். கண்ணாடி முன் நின்று பழகு, காதை இப்போதைக்கு நம்பாதே.

வெறும் படுத்த கோட்டுக்கு நீ எங்கும் போகவேண்டாம், அது நம்முடைய குற்றியலுகரம். “பசு” என்று சொல், கடைசியில் உதடு குவியும். “காசு” என்று சொல், குவியாது. அந்தக் காசின் கடைசி ஒலியைப் பிடித்து இழு, அதுதான். நாம் “பஸ்ஸு” என்று இழுப்பதுபோல அவர்களும் பஸ்ஸுக்குப் பின்னால் இதையே ஒட்டுகிறார்கள். முன்னால் வருவது நின்ற ஓ. ஆகவே ஒரு பஸ் போதும், உன் இரண்டு பிரச்சினைக்கும் பயிற்சி.

எழுத்துப் பைத்தியம்:
அண்ணா சொன்னது சரி. இன்னொன்று: ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். நின்ற ஓவுக்கு அதில் இரண்டு எழுத்துப் போடுவார்கள், அதை நம்பித்தான் பலர் தலைநகரை “சியோல்” என்கிறார்கள். அது “சொ-உல்”, இரண்டு அசை.

1446இல் செஜோங் மன்னர் இந்த எழுத்தை அறிவித்தபோது சின்னக் கோடு வெறும் புள்ளி. புள்ளி வானம், படுத்த கோடு நிலம், நின்ற கோடு மனிதர். புள்ளி மனிதருக்கு வலப்பக்கம் வந்தால் ‘ஆ’, நிலத்துக்குக் கீழே வந்தால் ‘ஊ’. சின்னக் கோடு இரண்டானால் முன்னால் ஒரு ‘ய்’ சேரும்: யா, யோ, யூ. குறில் நெடில் பார்த்து மண்டையை உடைக்காதீர்கள், இன்றைய தலைநகர்ப் பேச்சில் அந்த வேறுபாடு அநேகமாக இல்லை.

அன்சான் இரவுப்பணி:
அப்புறம் தம்பி, இரண்டு ‘ஏ’ வரும். நாய் என்ற கொரியச் சொல்லில் ஒன்று, நண்டு என்ற சொல்லில் மற்றது. எழுதும்போது மட்டும் கவனி. இங்கே இளசுகள் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

வவுனியாப் பொடியன்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. படுத்த கோடு பிடிபட்டுவிட்டது. அரை மணித்தியாலமாகக் கண்ணாடி முன் நின்று “காசு, காசு” என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அம்மா குசினியிலிருந்து வந்து, “எவ்வளவடா வேணும்?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.